ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு டியூன் செய்வது: ஷட்டரைத் திறந்தால் போதுமா?

கேள்வி: வாலாஜாபேட்டை வாசகர், 11 அக்டோபர்

அண்ணா, அப்பாவோட பழைய மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. ரொம்ப நாளா நின்னுகினு இருந்தது, இப்போ ஓடவைக்கலாம்னு இறங்கியிருக்கேன். ஷெட் வீட்டை ஒட்டி இருக்கு, மேலே மாடி. மழையில வெளியே வெச்சு டியூன் பண்ண முடியல. "இன்னா தம்பி, ஷட்டரை முழுசாத் தூக்கி ஒரு டேபிள் ஃபேனைப் போட்டா போதும்"னு மெக்கானிக் சொல்றார். போதுமா? இல்ல சைலன்சர்ல ஹோஸ் மாட்டி வெளியே விடணுமா?

11 அக்டோபர், இரவு 9.20

போதாது. ஃபேன் போட்டாலும் போதாது.

வண்டி தள்ளினால் நகரும் என்றால் முதல் வழி அதுதான். முழு வண்டியும் ஷட்டருக்கு வெளியே வரும்படி தள்ளி, மேலே தார்ப்பாய் கட்டி வேலை பாருங்கள். தார்ப்பாயின் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். சைலன்சர் வாய் மட்டும் வாசலைத் தாண்டி நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள். காற்று திரும்பினால் புகை அப்படியே உள்ளே வரும்.

தள்ள வழியே இல்லை என்றால் ஹோஸ். ஹோஸும் வேண்டும், ஷட்டரும் திறந்திருக்க வேண்டும், மாடிக்குப் போகும் கதவும் சாத்தியிருக்க வேண்டும். இதில் எதையும் விட முடியாது.

டேபிள் ஃபேனை எந்தப் பக்கம் பார்த்து வைக்கச் சொன்னார்? ஷட்டர் பக்கமிருந்து உள்ளே பார்த்து வைத்தால் புகையை வீட்டுக்குள் தள்ளும் வேலையைத்தான் அது செய்யும்.

12 அக்டோபர், காலை 6.45

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மெக்கானிக் பேச்சுதான் கடைசியில் நிற்கும்.

பெட்ரோல் முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தவரை எழுப்ப முடியாதல்லவா, அந்தக் கதைதான். ஆக்சிஜன் நின்றுகொண்டே இருக்கும், உட்கார இடம் கிடைக்காது.

உங்கள் ஷெட்டை 10 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2000 கன அடி, அதாவது சுமார் 56,000 லிட்டர் காற்று. மாருதி 800 இன்ஜின் 796 சிசி. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு இழுப்பு என்பதால் நிமிடத்துக்கு 320 லிட்டர் இழுக்க வேண்டும். ஆனால் ஐடிலிங்கில் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் கதவு, ஏறக்குறைய மூடியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு, சுமாராக 100 லிட்டர் போகும் என்று வையுங்கள். புகையிலும் ஏறக்குறைய அதே அளவு. பழைய கார்பரேட்டர் கார்களுக்கு நம் மோட்டார் வாகன விதி அனுமதிக்கும் உச்சவரம்பே 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. அதாவது பொல்யூஷன் சர்டிஃபிகேட் வாங்கிய, 'நல்ல' வண்டிகூட நிமிடத்துக்கு 3 லிட்டர் விஷம் விடலாம்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 56,000 லிட்டர் காற்றில் 50 பிபிஎம் ஆக வெறும் 2.8 லிட்டர் போதும். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் 8 மணி நேர வேலைக்குச் சராசரியாக விட்ட அளவு இந்த 50 பிபிஎம்தான். ஷட்டர் சாத்தியிருந்தால் ஒரே நிமிடத்தில் அந்த இடம் வந்துவிடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் கோடு 1200 பிபிஎம். அதற்குச் சுமார் 22 நிமிடம்.

இது 3 சதவீதக் கணக்கு. நீங்கள் ஓடவைக்கப் போவது நாட்பட நின்ற வண்டி, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வீர்கள், காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்றே தெரியாது. 3 சதவீதத்தைத் தாண்டித்தான் இருக்கும்.

12 அக்டோபர், மதியம் 1.10

"புகையே தெரியல, வாசனையும் இல்ல, அப்புறம் இன்னா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தொட்டி விஷவாயு என்றால் என்ன என்று தெரியும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் எச்சரிக்கும், பிறகு மூக்கு மரத்துப்போகும், அதனால்தான் நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்கியவர்கள் மாட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு அந்த முதல் எச்சரிக்கையைக்கூடத் தராது. பழைய வண்டியில் மூக்கைத் துளைப்பது எரியாத பெட்ரோல். அந்த நாற்றம் குறைந்தால் விஷம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு நம்பிக்கை: விஷவாயு தரையோடு கிடக்கும், ஷட்டரை ஒரு அடி தூக்கினால் கீழே ஓடிவிடும் என்பது. கார்பன் மோனாக்சைடின் எடை காற்றை ஒட்டியே இருக்கிறது, ஒரு துளி குறைவு. சூடான புகையோடு முதலில் மேலே ஏறும், அப்புறம் ஷெட் முழுக்கக் கலந்துவிடும்.

13 அக்டோபர், இரவு 10.30

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்பவர்களுக்கு.

வேலூரில் நான் தொழில் பழகிய பட்டறை, இரண்டு பக்கமும் பொதுச்சுவர், முன்னால் மட்டும் ஷட்டர். உள்ளே ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வண்டி நிற்கும். கடைசி வண்டிக்கு ட்யூனிங் என்றால் முன்னால் நிற்பதை எடுக்க மாட்டார்கள், அப்படியே ஸ்டார்ட் பண்ணு என்பார்கள். சாயங்காலம் ஆனால் பையன்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருவார்கள். வெயில் என்பார் முதலாளி. வேலூரில் எதற்கும் வெயிலைச் சொல்லிவிடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுப்பார், அதோடு சரி. ஐப்பசி மழையில், வெயிலே இல்லாத நாளிலும் அதே தலைவலி வந்தது. வெளியே டெலிவரிக்கு அனுப்பிய பையனுக்கு மட்டும் வராது. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

காய்ச்சல் இல்லாத தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி, கை கால் அசதி. ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் தெளிந்தால், வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

15 அக்டோபர், காலை 7.00

ஹோஸ் விஷயத்துக்கு வருகிறேன். வாலாஜா தம்பி பிளம்பிங் கடையில் பிவிசி பைப் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிவிசி 80 டிகிரி பக்கத்திலேயே இளகும். கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் சைலன்சர் வாய் அதைத் தாண்டிவிடும். தோட்டத்து ஹோஸும் அப்படித்தான். வாஷிங் மெஷின் டிரெயின் பைப்பை மாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும், அது உருகி சைலன்சரோடு ஒட்டிக்கொண்டது.

சூடு தாங்கும் சிலிகான் ஹோஸ், அல்லது நெளிநெளியாக வளையும் உலோக ஹோஸ். சுவர் வரை ஜி.ஐ. தகரக் குழாய், வண்டியோடு சேரும் கடைசி நாலடி மட்டும் வளையும் ஹோஸ் என்று வைத்தால் செலவும் குறையும். கிச்சன் சிம்னிக்குப் போடும் மெல்லிய அலுமினியம் டக்ட் சூடு தாங்கும், ஆனால் ஒருமுறை மிதித்தால் கிழியும். தரையில் கிடக்கப் போகிற பொருளுக்கு அது சரிப்படாது.

விட்டம் சைலன்சர் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றரை இஞ்ச் வாய்க்கு 3 இஞ்ச் குழாய் என்றால் நிம்மதி. சின்னதாகப் போட்டால் புகை வெளியேற முடியாமல் இன்ஜின் முக்கும், ஐடிலிங் தடுமாறும். நீங்கள் செய்கிற ட்யூனிங்கே தப்பாகப் போகும். நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எல்போவை, அதாவது குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டை, சிக்கனமாகப் போடுங்கள்.

அடுத்தது தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். குளிர்ந்த ஹோஸில் அது சொட்டுச் சொட்டாக இறங்கும். ஹோஸ் நடுவில் தொய்ந்தால் அங்கே குட்டையாக நின்று வழியை அடைக்கும். இன்ஜின் களக் களக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் ஹோஸைத் தூக்கிப் பாருங்கள், கருப்புத் தண்ணீர் கொட்டும். வண்டியிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இறங்கும்படி போட்டால் இந்தத் தொல்லை வராது. சுவரில் மேலே ஏற்ற வேண்டியிருந்தால், ஏறும் இடத்தின் அடியில் ஒரு வடிகுழாய், அதற்கு மூடி.

15 அக்டோபர், காலை 7.25

சொல்ல விட்டது: ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹோஸ் மாட்டிய வண்டி நகர்ந்தால் சுவர்க் குழாயையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

18 அக்டோபர், இரவு 8.50

காட்பாடி நண்பர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். ஹோஸை சைலன்சர் வாயில் இறுக்கி மாட்டுவதா, இல்லை இடைவெளி விட்டுப் புனல் மாதிரி வைப்பதா? பெரிய சர்வீஸ் சென்டர்களில் புனல்தான் பார்த்தாராம்.

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சரி, ஆனால் இரண்டுக்கும் நிபந்தனை வேறு. சர்வீஸ் சென்டரில் ஹோஸின் மறுமுனையில் ப்ளோவர் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இடைவெளி வழியாக ஷெட் காற்று உள்ளே போகும், புகை வெளியே வராது, கூடவே புகையும் ஆறும். நம் வீட்டு ஹோஸில் இழுவை கிடையாது. இன்ஜின் தள்ளும் அழுத்தம் மட்டும்தான். அங்கே இடைவெளி விட்டால், ஹோஸ் முழுக்கத் தள்ளிக்கொண்டு போவதைவிட அந்த ஓட்டை வழியாக வருவது புகைக்குச் சுலபம். ஆகவே ஃபேன் இல்லாத ஹோஸ் என்றால் கிளாம்ப் போட்டு இறுக்கம். ஃபேன் இழுக்கும் ஹோஸ் என்றால் புனல்.

சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை ஹோஸ் முனையில் வைக்கலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். வேண்டாம். பிளாஸ்டிக் இறக்கை சூடு தாங்காது. ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும் இன்ஜின் எரியாத பெட்ரோல் ஆவியை நேராக அந்த மோட்டாருக்கே அனுப்பும், உள்ளே ஒரு பொறி போதும். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரில் மேலே வைத்து ஷெட் காற்றை வெளியேற்றலாம், அது கூடுதல் பாதுகாப்பு. ஆனால் உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் வழி வேண்டும். ஷட்டரைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது வீட்டுக்குள்ளிருந்துதான் காற்றை இழுக்கும், அதுவும் கிடைக்காவிட்டால் வெறுமனே சுற்றும்.

19 அக்டோபர், காலை 6.30

ஹோஸை எத்தனை அழகாக மாட்டினாலும், அது கடைசி வாயில் வருவதை மட்டும்தான் பிடிக்கும். பழைய வண்டியில் புகை அதற்கு முன்னாலேயே வெளியேறலாம். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்து மேனிஃபோல்ட் கேஸ்கெட், அதற்குக் கீழே டவுன் பைப் ஃப்ளாஞ்ச் இணைப்பு, சைலன்சர் டப்பாவின் அடியில் துரு தின்ற ஓட்டை. நின்றே கிடந்த வண்டி என்றால் டப்பாவின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு டங் என்னும், செத்த தகடு பொத் என்று உள்ளே போகும்.

வெட்டவெளியில் வைத்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடிமனான ஈரத் துணியால் சைலன்சர் வாயை இரண்டு மூன்று நொடி அடைத்துப் பாருங்கள். ஓட்டை இல்லை என்றால் இன்ஜின் திணறும், துணியைத் தள்ளும். ஓட்டை இருந்தால் வண்டி பாட்டுக்கு ஓடும், அடியில் எங்கேயாவது புஸ் என்று கேட்கும். அந்தப் புஸ் அடையும் வரை ஷெட்டுக்குள் ஹோஸ் போட்டு ஓட்டுவதில் பயன் இல்லை.

ஹோஸ் மாட்டினால் சைலன்சருக்குள் அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடும். சின்ன ஓட்டை பெரிய கசிவாகும். அதனால் வரிசை இதுதான்: முதலில் லீக், பிறகு ஹோஸ்.

23 அக்டோபர், மதியம் 2.15

ஆம்பூரிலிருந்து ஜெனரேட்டர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் கடைக்குள்ளேயே சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடுகிறதாம், கதவு திறந்திருக்கிறதாம்.

தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் கிடையாது. கார் பத்து நிமிடம் ஓடும், ஜெனரேட்டர் கரண்ட் வரும் வரை ஓடும். லோடிலும் ஓடும். வேறு வேலையாக உட்கார்ந்திருப்பவர் தலைவலியைக் கவனிக்கக்கூட மாட்டார்.

டீசல் என்றால் கார்பன் மோனாக்சைடு குறைவு, உண்மைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரித்தூளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. டீசலும் உள்ளே வேண்டாம்.

30 அக்டோபர், இரவு 9.45

இதை எல்லோரும் படிக்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. ஒரு வாசகர் எழுதுகிறார்: ஷெட்டில் வேலை பார்த்துத் தலை சுற்றியது, ஆக்சிமீட்டர் வைத்தேன், 98 காட்டியது, அதனால் திரும்ப உள்ளே போனேன்.

அந்த 98-ஐ நம்பக் கூடாது. ஆக்சிமீட்டர் ரத்தத்தின் நிறத்தை இரண்டு வகை வெளிச்சத்தால் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபின் மாதிரியே தெரியும். ஆகவே ஆள் மயங்கும் நிலையிலும் நல்ல எண்ணையே காட்டும். நிஜ அளவு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

தலை சுற்றினால் வெளியே வாருங்கள். இன்ஜினை அணைக்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள். ஒருவர் உள்ளே விழுந்து கிடந்தால் ஷட்டரை முழுக்கத் தூக்கி, கத்தி ஆள் கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் இழுத்து வர முடியும் என்றால் மட்டும் போங்கள். 108-க்குச் சொல்லும்போதே 'கார் புகை, மூடிய ஷெட்' என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரியிலும் அதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்து ஆக்சிஜன்தான். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். வீட்டில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. கர்ப்பிணி, குழந்தை, இதய நோயாளி என்றால் இன்னும் அவசரம்.

2 நவம்பர், காலை 8.00

அலாரம் வாங்குவது பற்றி. சமையல் கேஸ் லீக் அலாரம் வேறு, புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: அமெரிக்கத் தர விதிப்படி செய்த அலாரம் 70 பிபிஎம் இருந்தாலும் நாலு மணி நேரம் வரை கத்தாமல் இருக்கலாம். 400 இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்தும். தூங்குகிறவரை எழுப்பச் செய்தது அது. வேலை பார்க்கும் இடத்துக்கு, எண் காட்டும் டிஸ்ப்ளே உள்ள மீட்டர்தான் வேண்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு எண் ஏறுவதைப் பார்க்கலாம். நான் என் ஷெட்டில் ஷட்டரை முழுக்கத் திறந்து, ஹோஸ் இல்லாமல், அளவெடுக்க மட்டும் ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பானட் பக்கம், அதாவது ஆள் குனிந்து நிற்கும் இடத்தில் வைத்த மீட்டர் மூன்று இலக்கத்துக்குப் போனது. ஹோஸ் மாட்டியதும் அதே இடத்தில் ஒற்றை இலக்கம்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு சிக்கல். இந்த மீட்டர்கள் பலவற்றுக்கு 40 டிகிரி வரைதான் உத்தரவாதம். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே அது தாண்டும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம். மீட்டரை ஷெட்டிலேயே மாட்டி வைக்காதீர்கள். வீட்டுக்குள் வைத்திருந்து வேலை நேரத்தில் எடுத்து வாருங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுசு உண்டு, பெட்டியில் போட்ட வருடத்தைப் பாருங்கள்.

9 நவம்பர், இரவு 10.10

மாடி பற்றி நான் முதல் நாளே ஒரு வரி எழுதினேன், யாரும் அதைத் தொடவே இல்லை. என் பயமெல்லாம் அங்கேதான்.

ஷெட்டில் நிற்பவர் அவ்வப்போது வெளியே வந்துவிடுவார். மாடியில் படுத்திருக்கும் அம்மா வர மாட்டார். சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் இப்போது கட்டும் வீடுகளில் கீழே பார்க்கிங், அதற்குள்ளேயே மாடிப்படி ஆரம்பிக்கிறது. சூடான காற்று படி வழியாகத்தான் ஏறும். மாடியில் ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் வேகமாக இழுக்கும். படிக்குக் கீழே ஒரு கதவு, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால், முதல் தடவை அதை மாடிப் படுக்கையறையில் வைத்துச் சோதியுங்கள்.

17 டிசம்பர், காலை 6.10

மார்கழிக் குளிர். பிஎஸ் 6 என்ற புது மாசு விதிப்படி வந்த வண்டிக்காரர்கள் காலையில் கீழ்த்தள பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்துவிட்டு, ஹீட் ஆகட்டும் என்று காபி குடிக்கப் போவதைப் பார்க்கிறேன். புது வண்டிக்கு ஐடிலிங் வரம்பு 0.3 சதவீதம், பழையதில் பத்தில் ஒரு பங்கு, அதனால் பயமில்லை என்கிறார்கள். அந்த எண் சூடான வண்டிக்கு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலையே ஆரம்பிக்கும். குளிர்ந்த இன்ஜின் முதல் ஓரிரு நிமிடம் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், கன்வெர்ட்டரும் தூங்கும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் அளந்து பார்த்தது: ஷெட் கதவைத் திறந்து வைத்து இரண்டே நிமிடம் ஓடவிட்ட காரால் உள்ளே 500 பிபிஎம் வரை ஏறியது. வண்டி வெளியேறிப் பத்து மணி நேரம் கழித்தும் அளக்கும்படி மிச்சம் இருந்தது.

இன்றைய இன்ஜினுக்கு நின்று சூடாக வேண்டிய தேவை இல்லை. ஸ்டார்ட் செய்ததும் வெளியே எடுத்து, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

6 ஜனவரி, இரவு 8.30

வாலாஜா தம்பி படம் அனுப்பியிருக்கிறார். வண்டி ஓடுகிறது, அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார், மனம் நிறைந்தது. சைலன்சர் டப்பாவை மாற்றிவிட்டார், வளையும் உலோக ஹோஸ், சுவரில் 3 இஞ்ச் ஜி.ஐ. குழாய், சரிவு சரியாக இருக்கிறது.

படத்தில் பார்த்த வரை இரண்டு திருத்தம். குழாய் வெளியே முடியும் இடம் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு எல்போவும் ஐந்தடிக் குழாயும் சேர்த்து, ஜன்னல் இல்லாத தெருப்பக்கம் திருப்பி, ஆள் தலைக்கு மேலே முடியுங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியும் விடுங்கள். அடுத்தது, குழாய் வாய் திறந்தே கிடக்கிறது. குளவி மண்கூடு கட்டினால் உள்ளே அடைந்திருப்பது வெளியே தெரியாது, புகை முழுக்க ஷெட்டுக்கே திரும்பும். வாயைக் கீழ்நோக்கி வளைத்து, சல்லடைக் கம்பி வலை போடுங்கள். கொசுவலை வேண்டாம், அதன் கண் கரியில் அடைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஹோஸ் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வெளியே போய், வலையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று விட்டு விட்டுக் கையில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, குழாயைப் பாருங்கள்.